பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தவர்

புல்வெட்டும் ரோபோ வாங்கிய கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். விருந்துகளில் நன்றாக எடுபடும். மழைத்துளி விழுந்தால் அது தானாகவே கூண்டுக்குத் திரும்பிவிடுவதையும், எதிர்வீட்டுப் பூனை அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து தோட்டத்தைச் சுற்றி வந்ததையும் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அதை எதற்காக வாங்கினேன் என்பதைச் சொன்னதில்லை. அதை வைத்து ஒரு மனிதரின் வேலையைப் பறித்து, இந்த நாட்டைவிட்டே அவரை அனுப்பப் பார்த்தேன் என்பதையும் சொன்னதில்லை. எழுதினால் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிங்கப்பூரில், அப்பர் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தெரு முடியும் மூலையில் இருக்கிறது. அப்பா வாங்கியது. மூலை மனை என்பதால் பக்கவாட்டிலும் பின்னாலும் நிலம் தாராளம். அடுக்குமாடியில் வளர்ந்த என் நண்பர்கள் முதல் முறை வரும்போது வாசலில் நின்று புல்லையே பார்ப்பார்கள். நான் ஏதோ உழைத்துச் சம்பாதித்த மாதிரி பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பமும், புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தங்கை குடும்பமும் ஞாயிறு மதியம் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் அந்தப் புல்லில்தான் பந்து விளையாடி வளர்ந்தார்கள்.

பல வருடங்களாக ஒரு மலாய்க்காரர் மாதம் இருமுறை வந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார். முட்டி வலி தாங்காமல் ஒருநாள் மெஷினை ஓரங்கட்டிவிட்டார். வேறு ஆள் தேடும்வரை நானே வெட்டலாம் என்று ஒரு பழைய மெஷினைக் கடன் வாங்கினேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, கிழிந்த பனியனும் தலையில் துண்டுமாக வேலியோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி. கண்ணாடியை இறக்கி, எந்தக் கம்பெனி, தன் வீட்டுக்கும் வர முடியுமா என்று கேட்டார். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார்.

இது என் வீடு என்றேன். அவர் பதறி மன்னிப்புக் கேட்டார். நானும் சிரித்தேன், பரவாயில்லை என்றேன். உள்ளே போய் முகம் கழுவும்போது காது சுட்டுக்கொண்டிருந்தது. நான் பிறந்தது இங்கே, படித்தது இங்கே, ராணுவச் சேவை செய்தது இங்கே. ஒரு துண்டைத் தலையில் கட்டியதும் இதெல்லாம் எங்கே போயிற்று என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலின் உள்ளே இருந்தது என்ன என்று அன்று நான் பார்க்கவில்லை. புல் வெட்ட வந்த ஆள் என்று நினைத்ததில் எனக்கு என்ன குறைந்துவிட்டது? அந்த வேலையைச் செய்பவர்களை நானும் அதே இடத்தில்தான் வைத்திருந்தேன் என்பதால்தானே அது வலித்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

மறுவாரமே ரோபோ வந்துவிட்டது. அம்மாவுக்கு வசதி, ஆள் தேடி அலைய வேண்டாம் என்று அண்ணனிடமும் தங்கையிடமும் சொன்னேன்.

கொண்டுவந்து வைத்தவர் அதை ஓட்டிக் காட்டினார். பெரிய பிரயாணப் பெட்டியைப் படுக்கப் போட்ட அளவு இருந்தது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் ஓரமாக ஒரு சுற்று நடந்தால் வரைபடம் பதிவாகிவிடும், அந்தக் கோட்டைத் தாண்டாது என்றார். பின்பக்கம் வடிகால் ஓடும் இடத்தில் இரண்டு சாண் தள்ளியே கோடு போடுங்கள், ஈரத்தில் சறுக்கும் என்றும் சொன்னார். அவர் போன பிறகு நான் கோட்டை மாற்றி, வடிகாலின் விளிம்பை ஒட்டி வரைந்தேன். இரண்டு சாண் அகலத்துக்கு வெட்டாத புல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னோர் இடத்திலும் என் கோடு போயிற்று. பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி, தண்ணீர்க் குழாய்க்கு அருகே, அம்மாவின் அருகம்புல் இருந்தது. எப்போதோ கேம்பல் லேன் பூக்கடையில் வாங்கிய கட்டு ஒன்றில் வேரோடு வந்ததை அங்கே ஊன்றி வைத்திருந்தார். ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் படர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதிலிருந்து பறித்துத்தான் பிள்ளையாருக்கு வைப்பார். அந்த மலாய்க்காரர் இத்தனை வருடமும் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். யாரும் அவருக்கு விளக்கிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் வரைந்த கோட்டுக்கு அதெல்லாம் தெரியவில்லை. இரண்டே நாளில் அருகம்புல் மற்ற புல்லோடு சேர்ந்து ஒரே மட்டமாகிவிட்டது.

அம்மா என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள், வாங்கி வருகிறேன் என்றேன். வாங்கியது வாடிப்போயிருக்கும் என்றார். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். தோட்டத்தில் நின்றுகொண்டுதான்.

"எதையாவது ஒண்ண நிம்மதியா செய்ய விடுறீங்களா? உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்றேன். ரெண்டு புல்லுக்காக உயிர எடுக்காதீங்கம்மா."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. விஷயம் முடிந்தது என்று நான் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சாரம் கட்டியிருந்தது. வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அம்மா பகலெல்லாம் தனியாக இருப்பவர். துணி காயப்போடும்போதும் செடிக்குத் தண்ணீர் விடும்போதும் அவர்களில் ஒருவரோடு பேச்சுக்கொடுக்க ஆரம்பித்தார். நாற்பது வயதிருக்கும், புதுக்கோட்டைப் பக்கம் ஊர், இங்கே வந்து பதினொரு வருடம், மகள் நர்ஸிங் படிக்கிறாள் என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்வார். அந்தத் தம்பி, அந்தத் தம்பி என்பார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவேன். யாரையும் உள்ளே விட்டுவிடாதீர்கள் என்று ஒருமுறை சொன்னேன். காலையில் அந்த இடத்தைக் கடக்கும்போது அவர்கள் யாராவது தமிழில் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கூட்டுவேன். தெருவில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக நடப்பேன்.

ஒருநாள் அருகம்புல் இருந்த இடத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தது. ரோபோ அதில் முட்டித் திரும்பிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்த தங்கைதான் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன். அந்தப் பெருந்தன்மையை எண்ணி எனக்கே என்மேல் திருப்தி. புல் செங்கல்லுக்கு உள்ளே மறுபடி நீள ஆரம்பித்தது.

விநாயகர் சதுர்த்தி ஒரு புதன்கிழமை வந்தது. முந்தைய நாளெல்லாம் நல்ல மழை. நான் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். அம்மா பூஜையை முடித்து, மதியம் தங்கை வந்து அழைத்துப்போக, ஒரு வாரம் புக்கிட் பாத்தோக்கில் தங்குவதாக ஏற்பாடு. மாலை நான் வீடு திரும்பும்போது வீடு பூட்டியிருந்தது. ரோபோ கூண்டில் இல்லை. கைப்பேசியில் பார்த்தால் தொடர்பு இல்லை என்று காட்டியது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். வடிகால் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

கார் நிற்கும் இடத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம். பக்கவாட்டுக் கதவும் பாதித் தோட்டமும் அதில் தெரியும், சமையலறை வாசல் தெரியாது. காலைப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பக்கவாட்டுக் கதவு திறக்கிறது. பக்கத்துக் கட்டுமான சைட்டின் மஞ்சள் உடுப்பில் ஒருவர். கதவருகே நின்று குனிந்து பூட்ஸைக் கழற்றுகிறார். காலுறையையும் கழற்றி பூட்ஸுக்குள் செருகுகிறார். ஹெல்மெட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறார். வெறுங்காலோடு புல்லில் நடந்து குழாயடிக்குப் போகிறார், கால் கை கழுவுகிறார், மதிலோரம் குந்தி உட்கார்கிறார். சற்று நேரம் முதுகு மட்டும் தெரிகிறது. அப்புறம் எழுந்து படத்தைவிட்டு வெளியே போகிறார். திரும்பி வரும்போது கையில் ஒரு மஞ்சள் பை. சுற்றும் முற்றும் பார்க்கிறார். பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்.

சத்தம் வரக்கூடாது என்று பூட்ஸைக் கழற்றியிருக்கிறான். இதுதான் எனக்குத் தோன்றியது, 'றான்' என்றே தோன்றியது. அடிக்கடி கோயிலுக்குப் போகிறவன் நான். டேங்க் ரோடு முருகன் கோயில் வாசலில் எத்தனை முறை இதே மாதிரி குனிந்து செருப்பைக் கழற்றி, குழாயில் கால் கழுவியிருக்கிறேன். தைப்பூசத்தில் அண்ணன் காவடி எடுத்தபோது அவனுடைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வழி முழுக்க நடந்தவனும் நான்தான். எங்கள் தெருவில் அந்தப் பதிவைப் பார்த்ததும் இன்னதென்று புரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். சதுர்த்தி என்பதும் தெரியும்.

இன்னும் சொல்கிறேன். அந்த மஞ்சள் பையில் ரோபோ நுழையாது. அதுவும் எனக்குத் தெரிந்தது. அப்புறமாக வந்து தூக்கியிருப்பான் என்று நானே சொல்லிக்கொண்டேன். கேமராவில் அப்படி யாரும் வரவில்லையே என்று கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. பூஜையறையில் விளக்கைப் போட்டபோது பிள்ளையார் கழுத்தில் கனமான அருகம்புல் மாலை கிடந்தது. சில வாரங்களாக அம்மாவுக்கு முட்டி மடங்குவதில்லை. குனிந்து ஒரு கைப்பிடிகூடப் பறிக்க முடியாது. யார் பறித்துக் கொடுத்தது என்று நினைக்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அம்மாவை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரோபோ தொலைந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

எங்கள் தெருவுக்கு ஒரு கைப்பேசிக் குழு உண்டு. அவர் நிமிர்ந்து சுற்றிப் பார்க்கும் நொடியை நிறுத்தி, முகம் தெரிகிற மாதிரி படமெடுத்து, அதில் போட்டேன். இன்று காலை எங்கள் வீட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டு ஊழியர், எங்கள் ரோபோவைக் காணோம், எல்லோரும் கவனமாக இருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் பதில் அந்த வெள்ளைக் கார் பெண்மணியிடமிருந்து வந்தது. தகவலுக்கு நன்றி, இவர்களிடம் எச்சரிக்கையாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. என்னை அவர் தன் பக்கம் வைத்துப் பேசிவிட்டார் அல்லவா. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் அது நிம்மதிதான்.

மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில் சைட்டின் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவரும் இங்கே பிறந்த தமிழர். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

"இந்த ஆளா? ரொம்ப நல்ல வொர்க்கர் லா பிரதர்," என்றார்.

"எங்க வீட்டுக்குள்ள எதுக்கு வந்தாரு? போலீஸுக்குப் போறதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

போலீஸ் என்றதும் அவர் முகம் மாறிற்று. தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அன்று முழுக்க ஒரு கடமையைச் செய்து முடித்த உணர்வு. மாலை திரும்பும்போது சாரத்தில் அந்த மனிதர் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை மழை கொட்டியது. பின்பக்க வடிகால் நிறைந்து வாழை மரங்களின் அடிவரை தண்ணீர் ஏறிவிட்டது. அடைப்பை எடுக்கக் குடையோடு போனவன், வாழைச் சருகுக்கு அடியில் சக்கரத்தைப் பார்த்தேன். ரோபோ மல்லாந்து கிடந்தது. விளிம்பில் ஈர மண் சறுக்கிய தடம் இன்னும் இருந்தது. நான் வரைந்த கோட்டின் மேலேயே ஓடி, நேராக உள்ளே விழுந்திருக்கிறது.

அப்போதே சைட்டுக்குப் போயிருக்க வேண்டும். மழை, வேலை முடிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். குழுவில் போட்ட படத்தை அழித்தேன். 'கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி' என்று ஒரு வரி போட்டேன். எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை. அந்த மனிதர் எடுக்கவில்லை என்றும் எழுதவில்லை. ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவர்கள் மனதில் திருடியவன் பயந்து திருப்பிப் போட்டுவிட்டான் என்று இருந்திருக்கும். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் விட்டேன்.

சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. திங்களும் செவ்வாயும் காலையில் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு ரயிலுக்குப் போனேன். வேறு சைட்டுக்கு மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான், இதில் என்ன என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். சூப்பர்வைசரின் எண்ணும் என்னிடம் இருந்தது. ஒரு குறுஞ்செய்தி போதும். ஐந்து நாள் அதைப் போட முடியாதவனாக இருந்தேன்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தங்கை அம்மாவைக் கொண்டுவந்து விட்டுப்போனாள். நான் அன்று சீக்கிரமே வந்திருந்தேன். அம்மா பையை வைத்ததும் பின்பக்கம் போய் மதிலைப் பார்த்தார்.

"அந்தத் தம்பியக் காணோமே. நான் குடுக்குற இட்லி மாவு டப்பாவ வாராவாரம் கழுவித் திருப்பிக் குடுப்பாரு. டப்பா மதில் மேலயே இருக்கு."

நான் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ரோபோ காணாமல் போனது, கேமராவில் ஒருவர் தெரிந்தது, சைட்டில் ஒரு வார்த்தை சொன்னது, பிறகு ரோபோ கிடைத்துவிட்டது என்று முடிந்தவரை சின்னதாக்கிச் சொன்னேன். அம்மா நின்றபடியே கேட்டார்.

"நான்தான் கூப்பிட்டேன்," என்றார். "எனக்குக் குனிய முடியலன்னு பறிச்சுக் குடுக்கச் சொன்னேன். அவங்க தங்குற இடத்துல சின்னதா பிள்ளையார் வச்சிருக்காங்களாம், அதுக்கும் கொஞ்சம் எடுத்துக்கச் சொன்னேன். கொழுக்கட்டை குடுத்தேன், மஞ்சப் பையில. அந்தக் கல்லு அடுக்குனதும் அவருதான். சைட்டுல ஒடஞ்ச கல்லு சும்மாதானே கெடக்குன்னு கொண்டாந்து வச்சாரு."

அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடக்க ஆரம்பித்தார். எங்கே என்றேன். சைட்டுக்கு என்றார். அந்த முட்டியோடு, மணலும் கம்பியும் கிடக்கிற இடத்துக்கு. வேண்டாம் அம்மா, நான் போகிறேன் என்று கையைப் பிடித்தேன். அவரைத் தடுத்ததற்கு முட்டி மட்டும் காரணமில்லை. என் பொய்யை அம்மா போய்த் திருத்துவதை அந்த சூப்பர்வைசர் பார்க்கக்கூடாது என்ற நினைப்பும் இருந்தது.

சூப்பர்வைசர் கிளம்பத் தயாராக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"என்ன பிரதர் இப்ப வந்து சொல்றீங்க. வெள்ளிக்கிழமை அவனுக்கு ஊருக்கு டிக்கெட். வொர்க் பெர்மிட் கேன்சல் பண்ணச் சொல்லி ஆபீஸுக்கு அனுப்பியாச்சு."

"அவரு சொல்லலயா, எங்கம்மாதான் கூப்பிட்டாங்கன்னு?"

"இல்லையே. மெஷின எடுக்கலன்னு சொன்னான். உள்ள எதுக்குடா போனன்னு கேட்டா, புல்லுப் பறிக்கப் போனேங்கறான். யாராச்சும் கூப்பிட்டாங்களான்னு நானே ரெண்டு தடவ கேட்டேன். யாரும் கூப்பிடல, நானாத்தான் போனேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டான். கேட்காம அடுத்த வீட்டுக்குள்ள போனா கம்பெனி வச்சுக்காது லா. உங்களுக்குத் தெரியாதா?"

அங்கேயே, அவருடைய தகர மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் தாயார் அழைத்துத்தான் அவர் வந்தார், இயந்திரம் என் தவற்றால் வடிகாலில் விழுந்தது, என் புகார் பொய் என்று எழுதினேன். 'தவறான புரிதல்' என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டுத்தான் பொய் என்று எழுதினேன். மறுநாள் விடுப்பு எடுத்து அவர்களுடைய அலுவலகத்துக்கும் போய், மேலாளர் ஒருவர் முன் அதையே வாயாலும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி பார்க்கிறேன் என்றார். தெருக் குழுவிலும் முழுவதையும் எழுதினேன். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே என்று அந்தப் பெண்மணி பதில் போட்டார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் அழைத்தார். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்களாம். பெர்மிட் பிழைத்தது. ஆனால் எங்கள் தெருவுக்கு அவரைத் திரும்ப அனுப்பமாட்டார்கள், மேற்கே ஒரு பெரிய சைட்டில் போட்டிருக்கிறார்கள் என்றார். எண்ணைக் கேட்டு வாங்கினேன். பேசியபோது, ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் திடலுக்கு வருவேன், அங்கே பார்க்கலாம் சார் என்றார்.

ஞாயிறு மாலை ரயில் நிலைய வாசலில் நின்றேன். திடல் பக்கமிருந்து விடுமுறை நாள் ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பயம். ஒரு புகைப்படத்தைத் தெரு முழுக்க அனுப்பியவன், அந்த முகத்தை இந்தக் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிப்பேனா என்று. கண்டுபிடிக்கவில்லை. அவர்தான் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி.

பக்கத்திலிருந்த கடையில் உட்கார்ந்தோம். தேநீர் நான் வாங்குகிறேன் என்றேன். அதற்குள் அவரே இரண்டு தேநீர் சொல்லிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரு மாதிரி சொல்லி முடித்தேன்.

"விடுங்க சார். நீங்களே வந்து ஆபீஸ்ல சொன்னீங்களாமே. அப்படி யாரு வருவா?" என்றார்.

வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வரவேண்டும், அம்மா எதிர்பார்க்கிறார் என்றேன். அவர் சிரித்தார். வேலை தூரமாகிவிட்டது, ஞாயிறு ஒருநாள்தான், பார்க்கலாம் என்றார். வரமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

கிளம்பும்போதுதான் கேட்டேன். "எங்கம்மா கூப்பிட்டாங்கன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே. ஏன் சொல்லல?"

அவர் கோப்பையை மேசையில் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த மிஷின் வாங்குன புதுசுல ஒருநாள் நீங்க அம்மாவ சத்தம் போட்டீங்க. நாங்க மேல சாரத்துல நின்னுட்டிருந்தோம். நீங்க வேலைக்குக் கெளம்பிப் போனப்புறம் அம்மா குழாயடியில மொகம் கழுவிட்டு இருந்தாங்க. ரொம்ப நேரம் கழுவிட்டே இருந்தாங்க சார். புல்லுக்கே அப்படின்னா, ஆளக் கூப்பிட்டு உள்ள விட்டேன்னு தெரிஞ்சா என்ன பேசுவீங்களோன்னு இருந்துச்சு. அதான், எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

டிக்கெட் போட்ட பிறகும்கூட அவர் அதைச் சொல்லவில்லை. பதினொரு வருட வேலை போனாலும் போகட்டும் என்று, என்னிடமிருந்து என் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். கைகொடுத்துவிட்டுத் திடல் பக்கம் நடந்து, கூட்டத்தோடு கலந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், அந்தத் தம்பி என்ன சொன்னார் என்று அம்மா கேட்டார். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார் என்றேன். வேறு என்ன என்றார். வேறு ஒன்றுமில்லை என்றேன். அன்று முகம் கழுவினீர்களா, எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று ஒரு மகன் எப்படிக் கேட்பான்? இன்றுவரை கேட்கவில்லை. ரோபோவைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டுகிறேன். கோட்டை மாற்றி வரைந்தாயிற்று, வடிகால் பக்கமும் மதில் பக்கமும்.

நான் மாறிவிட்டேன் என்று எழுதி முடிக்க ஆசைதான். இப்போதும் அம்மா ஒன்றையே மூன்று முறை கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்து வீட்டில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அதனால் கோபம் வந்தால் முதலில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன். அதற்குப் பிறகுதான் பேசுகிறேன்.